காசு கொடுத்தால் சிகரெட் நிற்குமா?

கர்ப்பிணி சிகரெட்டை விட்டால் 400 பவுண்டு! (தங்கப் பவுன் அல்ல, பிரிட்டன் பணம்.) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் இப்படி ஒரு சோதனை நடந்தது. 'தப்பு பண்றவங்களுக்குப் பரிசா? நல்ல கூத்து!' என்று கேட்கத் தோன்றும்.

கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

மொத்தம் 612 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை, மருந்து. மறுபாதிக்கு அதோடு கடையில் சாமான் வாங்கும் கூப்பன். ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. வந்து, சிகரெட்டை விட நாள் குறித்தால் 50 பவுண்டு. 4 வாரம் தாக்குப்பிடித்தால் இன்னொரு 50. 12 வாரத்தில் 100. பிரசவம் நெருங்கும்போது மிச்சம் 200. 'விட்டுட்டேன்' என்ற வாய்ப்பேச்சு செல்லாது. கருவியில் ஊதிக் காட்ட வேண்டும்.

2015-ல் முடிவு வந்தது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர்கூட விடவில்லை. கூப்பன் பெற்றவர்களில் 22 பேருக்கு மேல் விட்டார்கள்!

திட்டினால் இது நடக்குமா? நடக்காது. ஒளித்துப் பிடிப்பாள். நர்ஸ் கேட்டால் 'இல்லீங்க' என்பாள். உள்ளே இருக்கும் சிசுவுக்குப் பிராணவாயு குறையும். எடை குறைந்து, மாதம் முந்திப் பிறக்கும்.

சென்னையில் சிகரெட் பிடிக்கும் கர்ப்பிணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. 'மசக்கைக்கு நல்லதும்மா, குமட்டாது' என்று யாரோ பெரியம்மா சொல்லிக் கொடுத்திருப்பார். புகை இல்லை என்பதால் அது மருந்தாகிவிடாது. அதிலுள்ள நிகோடின் தாயின் ரத்தம் வழியே சிசுவுக்கும் போகிறது. செக்-அப்புக்கு வருகிறவளிடம் 'சிகரெட் உண்டா?' என்று கேட்டுப் பயன் இல்லை. 'புகையிலை போடுவியாம்மா?' என்று தன்மையாகக் கேட்க வேண்டும்.

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பணம் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் தவணை முறையில் தரப்படுகிறது. புகையிலையை விட்டவளுக்கு அதோடு ஒரு சிறு தொகை சேர்த்தால் கஜானா காலியாகிவிடாது. அதிகாரிகள் யோசிக்கட்டும்.

வீட்டுக்காரர் சங்கதி வேறு. ஒற்றை அறை வீட்டில் அவர் பீடி பிடித்தால், புகை கர்ப்பிணிக்கும்தான். அவரைக் கேட்பார் யார்? செக்-அப் நாளில் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு வார்த்தை சொல்லலாம். புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச டெலிபோன் எண் 1800-11-2356. ஆணும் பேசலாம், பெண்ணும் பேசலாம்.