மூணு நட்டுல ஓடுற வண்டி

புனே வந்து பதினோரு வருஷமாச்சு. மிசல் பாவ், விடாத மழை, ஹெல்மெட் போடாத ஸ்கூட்டர்க்காரங்க எல்லாத்துக்கும் பழகிட்டேன். இன்னும் பழகாத ஒரு விஷயம் 'ஜுகாட்'. எது உடைஞ்சாலும் கையில கிடைச்சதை வச்சு ஒப்பேத்தறதுக்கு இங்க அந்தப் பேரு. நம்மூர்லயும் இதெல்லாம் உண்டுதான், இப்படி ஒரு செல்லப்பேரு வைக்கல, அவ்வளவுதான். பல இடத்துல நானும் இதை ரசிப்பேன். ஆனா கார் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஸ்டட்டுல மட்டும் ஜுகாட் கூடவே கூடாதுங்கறது என் கட்சி.

எங்க குடியிருப்புல ஒரு மராத்திப் பெரியவர் இருக்கார். எல்லாருக்கும் அவர் 'காகா', அதாவது சித்தப்பா. அவர்கிட்ட 1968-ம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இருக்கு. ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை. போன மாசம் டயர் மாத்தப் போன கடையில, முன் சக்கரத்துல ஒரு ஸ்டட் முறிஞ்சு நட்டோட கையில வந்துடுச்சு. கடைக்காரர் அசரவே இல்ல. "இன்னும் மூணு இருக்கே, மெதுவா ஓட்டுங்க"ன்னு அனுப்பிட்டார். காகா அந்த ஞாயித்துக்கிழமை அதுல லோனாவாலா போறதா இருந்தார். வேண்டாம்னு நான் தடுக்க, குடியிருப்புல ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. நான் அங்க சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்க எழுதறேன்.

முதல்ல அந்த 'மூணு இருக்கே' கணக்கு. இந்தக் காருக்கு ஒரு சக்கரத்துக்கு மொத்தமே நாலு ஸ்டட்தான். ஒண்ணு போனா கால் பங்கு பலம் போச்சு, மீதி மூணும் ஒவ்வொண்ணும் மூணுல ஒரு பங்கு கூடுதலா சுமக்கணும். அதுவும் அந்தக் காலத்து மெல்லிசு ஸ்டட். குறுக்களவு 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். இப்போ பல கார்கள்ல வர்ற 12 மில்லிமீட்டர் ஸ்டட்டோட குறுக்குப் பரப்பு இதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. சக்கரம் ஸ்டட்டுல 'தொங்குது'ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி துளி நீளுது. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப்போட சேர்த்து அழுத்துது. வண்டியோட எடையையும் பிரேக்கோட விசையையும் தாங்கறது அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான். ஒரு பக்கம் அழுத்தம் குறைஞ்சா சக்கரம் மயிரிழை அளவு அசைய ஆரம்பிக்கும். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, பக்கத்து ஸ்டட்டுகள் ஒரு தடவை வளைஞ்சு நிமிரும். இந்தக் காரோட 13 அங்குலச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 500 தடவைக்கு மேல சுத்துது. லோனாவாலா போய்ச் சேர எத்தனை வளைவுன்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க.

ஒரே அடியில உடையாத இரும்பு, சின்னச் சின்னதா லட்சம் தடவை வளைச்சா உடையும். ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர்ங்கற ரயில்வே பொறியாளர் 19-ம் நூற்றாண்டுலயே ரயில் அச்சுகளைச் சோதிச்சுக் காட்டின விஷயம் இது. அதனாலதான் 'இத்தனை நாள் ஓடுச்சே, இனிமேலும் ஓடும்'ங்கற வாதம் இங்க செல்லாது. ஓடின ஒவ்வொரு நாளும் அந்த விரிசலுக்குத் தீனி.

அடுத்து வந்த யோசனை: "லேத் பட்டறையில ஒரு போல்ட்டை வச்சு வெல்டு பண்ணிடலாம்." கடைஞ்சு பதப்படுத்தின எஃகுக்கு வெல்டிங் சூடு ஆகாது. சூடு பட்ட இடம் ஒண்ணு இளகிப் போகும், இல்ல கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஹப்பும் கூடவே கெடும்.

மூணாவது யோசனை என்னை உண்மையிலேயே பயமுறுத்துச்சு: "10 எம்எம் நட்டு போட்டா ஏறிடும்." ஏறும், அதான் ஆபத்து. இது அங்குலத்துக்கு 24 மரை உள்ள ஸ்டட், அதாவது மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் மரை உள்ள 10 எம்எம் நட்டு இதுல சில சுத்து லூசாப் போகும், அப்புறம் மரைகள் ஒத்துப்போகாம இறுகும். முறுக்கறவர் நல்லா டைட் ஆயிடுச்சுன்னு நினைப்பார். உள்ள மரையோட மரை பாதி ஆழத்துலதான் கவ்விட்டு இருக்கும்.

நம்மூர் நண்பர் ஒருத்தர், "புதுப்பேட்டையில தேடுடா, ஹெரால்டு பார்ட்டு பொருந்தும்"ன்னார். பாதி சரி. ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ட்ரையம்ஃப் ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கித்தான், முன் சஸ்பென்ஷனும் அதோடதுதான். அந்த ஹெரால்டை 1961-லேருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரிச்சுது. கதவுக் கைப்பிடி, கண்ணாடின்னா நானும் புதுப்பேட்டைக்குத்தான் போவேன். ஆனா பழைய ஸ்டட்டுக்குள்ள எத்தனை லட்சம் வளைவு இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாது. இந்தக் காருக்கு இங்கிலாந்துல இன்னும் புது ஸ்டட் கிடைக்குது. குடும்பத்தோட ஒரு வேளை ஓட்டல்ல சாப்பிடற காசுதான். கடைசியில காகாவும் அதைத்தான் வரவழைச்சார், ரெண்டு வாரம் முணுமுணுத்துக்கிட்டே.

ஒண்ணு முறிஞ்சா அந்தச் சக்கரத்துல நாலையும் மாத்தணும். மத்த மூணும் அதே கையால முறுக்குப் பட்டதுதானே. முன்பக்கம்னா பிரேக் காலிப்பரைக் கழட்டி, ஹப்பை வெளிய எடுத்து, ஹைடிராலிக் பிரஸ்ல பழசைத் தள்ளிப் புதுசை ஏத்தறதுதான் முறை. நட்டைப் போட்டு முறுக்கியே புது ஸ்டட்டை உள்ள இழுக்கறாங்களே, அதுல வண்டி நகர்றதுக்கு முன்னாடியே ஸ்டட் இழுபட்டுப் போற அபாயம் இருக்கு. திரும்ப மாட்டும்போது பேரிங்குக்கு புது கிரீஸ் வச்சு, ஆட்டத்தையும் கையேட்டுப்படி சரிபண்ணணும். பின்பக்க ஹப் டேப்பர்ல இறுகி உக்காந்திருக்கும். அதுக்குத் தகுந்த புல்லர் இல்லாம சுத்தியலைத் தூக்காதீங்க.

சரி, அந்த ஸ்டட் ஏன் முறிஞ்சுது? வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வயசு மேல பழி போட மாட்டேன். வீல் ஸ்பானர் மேல ஏறி நின்னு மிதிக்கறதைப் பாத்திருப்பீங்க. 70 கிலோ ஆள் அரை மீட்டர் கம்பியோட நுனியில நின்னா 340 நியூட்டன் மீட்டருக்கு மேல. இன்னிக்கு வர்ற சின்ன கார்களுக்கே 100-ஐ ஒட்டித்தான் தேவை, இந்த மெல்லிசு ஸ்டட்டுக்கு அதைவிடக் குறைவு. ஏர் கன் வச்சு 'டர்ர்ர்'னு விடறதும் இதே கதைதான். வண்டியில மலிவான பாகம்ங்கறதால யாருக்கும் அது மேல மரியாதை இல்ல.

அதனால அடுத்த தடவை டயர் கடைக்குப் போனா ரெண்டே ரெண்டு விஷயம் கேளுங்க. முதல் சில சுத்து நட்டைக் கையாலயே ஏத்தச் சொல்லுங்க. கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச்ல, உங்க கார் கையேட்டுல இருக்கற அளவுக்கு. அவங்ககிட்ட டார்க் ரெஞ்ச் இல்லன்னா நீங்களே ஒண்ணு வாங்கி டிக்கியில போட்டுக்கோங்க. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை வச்சுப் பாருங்க. கடைக்காரர் சிரிப்பார். சிரிச்சிட்டுப் போகட்டும்.