மீள்வோருக்கு ஊரிலேயே ஓர் இடம்: குடிநோயாளர் உதவிக் குழுக்கள் குறித்து எமது நிலைப்பாடு

மைசூரிலிருந்து வரும் பாதை உதகைக்கும் வயநாட்டுக்குமாகப் பிரிகிற குண்டலுபேட்டையில், கன்னடமும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் ஒலிக்கக் கேட்டு வாழும் எமது மன்றத்தார், குடியிலிருந்து மீள முயல்வோர் விஷயத்தில் நெடுநாள் ஆலோசித்து வந்தடைந்த முடிவை ஜனங்கள் முன் வைக்கிறோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குடிநோயாளிக்கு, அவர் நடந்தே சென்று சேரக்கூடிய தூரத்தில், தம் தாய்மொழியிலேயே மனம் விட்டுப் பேசத்தக்க, கட்டணமில்லாத, பெயர் வெளியே போகாத வாராந்தரக் கூட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். அதற்கு இடம் தருவது ஊரார் செய்யும் தானமன்று, ஊராரின் கடமை என்பதே எமது நிலைப்பாடு.

ஊர் வழக்கில் 'குடிகாரன்' என்ற ஒரு சொல்லோடு தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் வைத்திய சாஸ்திரம் இதை வியாதியென்று ஏற்று வெகுகாலமாகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுவால் விளையும் மனக்கோளாறுகளைத் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு, மதுவின் காரணமாக உதவி தேவைப்படுவோர் நாட்டில் 5 கோடியே 70 லட்சம் பேர் என்றும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்றும் கூறுகிறது. எஞ்சிய 37 பேரும் அந்நியரல்லர். நம் தெருக்களிலும் நம் வீடுகளிலும் இருப்பவர்கள்.

சட்டம் மட்டும் இவர்களை மீட்டுவிடாது. கர்நாடகத்தில் 2007 ஜூலை முதல் தேதியோடு சாராய விற்பனை நிறுத்தப்பட்டது, மற்ற மதுவகைகள் கடைகளில் இருந்தன, குடியும் நின்றுவிடவில்லை. மருத்துவமனையும் தன் பங்கை மட்டுமே செய்ய வல்லது. உடலிலிருந்து மதுவை நீக்கச் சில தினங்கள் போதும். கூலி கைக்கு வந்த மாலையிலும், உறவினர் கல்யாணத்திலும், துக்க வீட்டிலும், பழைய சினேகிதர் தோளில் கைபோட்டு அழைக்கும் கணத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லும் மனோபலமோ வருஷக்கணக்கில் வளர்க்கப்பட வேண்டியது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபார முயற்சி தோற்றுத் தனித்திருந்த பில் வில்சன் என்பவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற அச்சத்தில், தம்மைப் போல் அல்லற்படும் வேறொருவரைத் தேடி, பாப் ஸ்மித் என்ற டாக்டரைக் கண்டார். இருவரும் மனந்திறந்து பேசிய அந்தச் சந்திப்பே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1957 முதல் நம் நாட்டிலும் நடந்துவரும் அவ்வியக்கத்தில் சேர, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி, சந்தா இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை. நம் மாநிலத்திலேயே, தர்மஸ்தலத்தின் ஆதரவில் ஜனஜாக்ருதி வேதிகே நடத்தும் மதுவிலக்கு முகாம்களில் குடியை விட்டவர்கள், ஊர் திரும்பியபின் நவஜீவன சமிதிகளாகக் கூடுகிறார்கள். தெளிந்திருக்கும் வேளையில் மற்றொரு குடியனைக் காண்பவன் தன் சோர்வை உணரமாட்டானோ என்ற கருத்தோடு திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முடித்தார். மீண்டவரைக் கண்டும் மனிதன் உணர்கிறான் என்பது இக்கூட்டங்கள் காட்டும் அனுபவம்.

அக்கூட்டம் தூரத்திலிருந்தால் பயனில்லை. மைசூர் இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கூடலூர்ப் பக்கமோ, பந்திப்பூர் வனப்பாதை இரவு 9 மணிக்கு அடைபட்டால் காலை 6 மணிக்கே பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கும். தோட்டத்திலும் சந்தையிலும் உழைத்துக் களைத்தவர் மாலையில் புறப்பட்டு எப்படிப் போய் வருவார்? மனம் தடுமாறுவதும் அந்த மாலை வேளையில்தான்.

எனினும், உதவிக் குழு வைத்தியத்துக்கு மாற்றன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பல வருஷம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று தினங்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே அபாயம் நேரலாம். ஆதலால் டாக்டரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். திருத்துவதாகச் சொல்லி மனிதரைச் சங்கிலியில் பிணைக்கும் இடம் எதுவாயினும் அது சட்டவிரோதமானது. அதை நாங்கள் முற்றிலும் எதிர்க்கிறோம். அதிசய மருந்து விற்கும் இடத்தையும், கேட்டதை வெளியே சொல்லும் கூட்டத்தையும் எவரும் நம்பலாகாது.

ஆகவே நாங்கள் வேண்டுவன இவை. புரசபையும் பள்ளிகளும் சகல மதத்து ஆலயங்களும் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையை வாடகையின்றித் திறந்துவிட வேண்டும். அரசு மருத்துவமனை, வீடு திரும்பும் ஒவ்வொரு குடிநோயாளியின் கையிலும் அருகிலுள்ள கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவியரும் தாய்மாரும் பிள்ளைகளும் தங்கள் வேதனையைப் பேச அல்-அனான் போன்ற தனிக் கூட்டம் வேண்டும். பெண்களில் குடிநோயாளர் இருப்பின் அவர்கள் அவமானத்துக்கு அஞ்சாமல் வரத்தக்க வழியும் செய்யப்பட வேண்டும். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டவர் வாசலில் வந்து நின்றால், அவரை எவரும் திருப்பி அனுப்பலாகாது.

வழி தெரியாமல் தவிப்போர் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி-மானஸ் மனநல எண்ணையோ அழைத்து, தம் ஊருக்கு அருகே உள்ள உதவியைக் கட்டணமின்றி விசாரிக்கலாம். சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருவர் 'விட்டுவிட நினைக்கிறேன்' என்று சொல்லும் நாளில், பழைய கணக்கை எடுக்காதீர்கள். அவரோடு முதல் கூட்டத்தின் வாசல்வரை நடந்து செல்லுங்கள்.