கிணற்று நீர்க் கணக்குக்கு எந்த மென்பொருள்?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகள் கிணற்று நீரைப் பரிசோதித்த சீட்டை எரவாணத்தில் செருகி வைப்பது வழக்கம். ஒரு மழை நனைத்தால் போயிற்று. பிள்ளைக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதில் ஏற்றி வைக்கலாமே!

இதற்கென்று பணம் கொடுத்துப் பண்ணை நிர்வாக மென்பொருள் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. சந்தா கட்டத் தவறினால் நம் கணக்கே நமக்குத் திறக்காமல் போகலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் 'கால்க்' அட்டவணை போதும். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை உண்டு, அதுவும் இலவசம். (பெயரே நமக்குப் பொருத்தம்!) தேதி, கிணறு, மின்கடத்துதிறன், பயிர், மகசூல் என ஐந்து பத்திகள் போடவும். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டிய நீர் பெரும்பாலான பயிர்களின் பாசனத்துக்கு ஆகாது. அந்த எண் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா என்பதை வரைபடம் காட்டிவிடும். நெல்லை விட உப்பைத் தாங்கும் தென்னைக்கு மாறலாமா என்று அப்போது யோசிக்கலாம்.

தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996லும், மீண்டும் 2025 ஜனவரியிலும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்கப் போகிறவர் கையில் வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் போதாது. ஆகவே கணினியில் ஏற்றியாயிற்று என்று அசல் சீட்டை எறிந்துவிட வேண்டாம். மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து, அதை வேறொரு வீட்டில் வைக்கவும்.