கஞ்சி போட்ட கைக்குட்டை



எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும், பிள்ளையை வெளியூர் வேலைக்கு அனுப்பிய வீடு ஒன்றாவது இருக்கும். மானாவாரிக் காடு. ஐப்பசி மழை ஏமாற்றினால் கரண்டியும் மட்டப்பலகையுமாகக் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ கிளம்பத்தானே வேண்டும்?

கொத்தனார்கள் கடல் தாண்டுவது நேற்று வந்த பழக்கமல்ல. லா போர்தொன்னே என்றொரு பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, 1735-ல் மொரீஷியஸ் கவர்னரானார். போர்ட் லூயிஸில் துறைமுகம், ஆஸ்பத்திரி, தண்ணீர் வாய்க்கால் எல்லாம் எழுப்ப, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பாரம் சுமக்க ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள். அவர்கள் வயிற்றுக்கு மரவள்ளிக் கிழங்கு. அதை அந்தத் தீவுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். கெட்டிக்காரர். நல்லவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1746-ல் கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் தந்தால் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் பேசி முடித்தார். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே சம்மதிக்கவில்லை. தகராறு முற்றிய நேரத்தில் அக்டோபர் புயல் வேறு கப்பல்களை நொறுக்கியது. பிரான்ஸ் திரும்பியவரை, லஞ்சம் வாங்கியதாகச் சொல்லி பாஸ்டீல் சிறையில் போட்டார்கள்.

தாளும் மையும் கிடையாது. கஞ்சித் தண்ணீரில் முக்கி விறைப்பாக்கிய கைக்குட்டைகளில், காபிக் கசடைத் தொட்டுத் தன் நியாயத்தை எழுதினார் என்பார்கள். 1751-ல் விடுதலையானார். இன்று போர்ட் லூயிஸில் சிலையாக நிற்கிறார்.

சுவர் எழுப்பியவர்கள்? என்ன கூலி பேசினார்கள், பேசியது கைக்கு வந்ததா, எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள்? அவர்கள் எழுதிவைத்த சீட்டு ஒன்றுகூட நம் கையில் இல்லையே!

உங்கள் வீட்டில் இருக்கிறதா? வெளிநாடு கிளம்பும் பிள்ளையின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், ஏஜென்ட்டின் லைசென்ஸ் நம்பர், இவற்றின் ஜெராக்ஸ் பீரோவில் இருக்கிறதா? "எல்லாம் போன்ல இருக்கும்மா" என்பான். அந்தப் போனும் அவனோடுதானே போகிறது?

பத்தாவது தேறாதவர் வளைகுடா வேலைக்குப் போக, அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். "விசிட் விசாவில் போய்ச் சேரட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிற ஏஜென்ட் அதைத்தான் ஏய்க்கப் பார்க்கிறார். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் சம்பளத்தை அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பஸ் ஏறுவது அப்புறம்.

அன்புடன்,
ஆசிரியர்