கட்டுக்கு அடியில் இருக்கும் ஃபைலை முதலில் எடுங்கள்

தோழர்களே,

இன்று செப்டம்பர் 6, சனிக்கிழமை. வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசி நாள் 15, திங்கட்கிழமை. நடுவில் இருப்பது ஒன்பது இரவுகள். ஜூலை 31 என்று இருந்த தேதியை இந்த 2025ஆம் ஆண்டு மே மாதமே தள்ளிவைத்தார்கள். நாற்பத்தாறு நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஐடிஆர்-2, ஐடிஆர்-3 போடும் வசதியே ஜூலையில்தான் வந்தது என்பது நமக்குத் தெரியும். நாளை டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1. 15 அன்றே முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணையும் வந்து நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒற்றை அறையும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு இத்தனையையும் சுமக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் மேஜையில் இருக்கும் கட்டைப் பாருங்கள். மேலே இருப்பவை எவை? சம்பளக்காரர்கள். ஃபார்ம் 16 வந்தாயிற்று, ஏ.ஐ.எஸ்.ஸில் சேமிப்புக் கணக்கு வட்டி இருக்கிறது, இருபது நிமிடத்தில் முடியும். அடியில் இருப்பவை எவை? மனை விற்ற அம்மா. ஆப்ஷனில் பணம் விட்ட பையன். லாரி விற்று லாரி வாங்கியவர். அமெரிக்கக் கம்பெனி பங்கு கையில் வைத்திருக்கும் ஐ.டி. ஊழியர். ஆகஸ்ட் முழுக்க அவற்றை ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே தள்ளினோம். "இன்றைக்கு முப்பது முடித்தேன்" என்று இரவு ஷட்டரை இறக்கும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த முப்பதில் சிக்கலானது ஒன்றுகூட இல்லை.

இந்த வரிசை தவறு. இன்று இரவே அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

தேதி தாண்டினால் யாருக்கு என்ன போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். புதிய வரி முறையில் வரும் சாதாரணச் சம்பளக்காரர் தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி. வருத்தம்தான், ஆனால் டிசம்பர் 31 வரை போடலாம், அவர் பிழைத்துக்கொள்வார். பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர் தவறினால் அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு வருடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமை அன்றோடு செத்துப்போகிறது. வீட்டுக் கடனும் எல்.ஐ.சி.யும் கட்டிப் பழைய முறையை நம்பியிருப்பவர் தவறினால் பழைய முறையே அவருக்கு இல்லை. வியாபார வருமானம் உள்ளவர் முதன்முறையாகப் பழைய முறைக்குப் போக வேண்டுமானால் 10-ஐஇஏ படிவத்தையும் அதே தேதிக்குள் போட்டாக வேண்டும். போன வருடமே போட்டவருக்கு மறுபடி தேவையில்லை. ஆனால் போட்டாரா இல்லையா என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், தளத்தில் பாருங்கள். இவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 5,000 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். சம்பளத்தோடு ஆப்ஷன் வியாபாரம், 6 லட்சம் நஷ்டம். புரோக்கர் ஸ்டேட்மென்ட் நூற்றுக்கணக்கான வரிகள். "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று கீழே வைத்தேன். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு அந்த ஃபைலைத் திறந்தபோது தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் போட்டேன். ஒரு ராத்திரிதான் தாமதம். அடுத்த வருடம் அவனுக்கு 4 லட்சம் லாபம் வந்தது. பழைய நஷ்டத்தைக் கழிக்க முடியாமல் முழுவதற்கும் வரி கட்டினான். அவன் என்னைத் திட்டவில்லை. சலானை வாங்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். தளத்தின் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க அந்த ஃபைல் என் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இந்த வருடம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது நிலம் விற்ற கணக்கு. 2024 ஜூலை 23 ஒரு கோடு. அதற்கு முன் விற்ற மனைக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம். அன்றோ அதற்குப் பின்னோ விற்றால் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய நிலமோ கட்டடமோ என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததைக் கட்டும் வழி உண்டு. ஒரு அம்மாவின் கணக்கைச் சொல்கிறேன். 1996இல் அவர் பெயருக்கு வந்த மனை. டிசம்பரில் 48 லட்சத்துக்குக் கிரயம். அடக்கமாக எடுக்கும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.5 சதவீத வழியில் 38 லட்சத்துக்கு வரி 4.75 லட்சம். 2024-25க்கான பணவீக்கக் குறியீடு 363. அதை வைத்துச் சரிக்கட்டினால் அடக்கம் 36.30 லட்சம், ஆதாயம் 11.70 லட்சம், 20 சதவீதத்தில் வரி 2.34 லட்சம். செஸ் சேர்க்காமலே 2.41 லட்சம் வித்தியாசம். 14ஆம் தேதி இரவு தூக்கக் கலக்கத்தில் ஒரு கட்டத்தை மாற்றிப் போட்டால் அந்த அம்மாவின் கையிலிருந்து போகிற பணம் அது. அந்த 10 லட்சத்தையும் நினைத்தபடி போட முடியாது: 2001இல் இருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. கிரயப் பத்திரத்தில் இருக்கும் தொகைக்கும் கிரயம் நடந்த நாளின் வழிகாட்டி மதிப்புக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அதுவும் தனிப் பஞ்சாயத்து.

இன்னும் அவசரமான ஒன்று இருக்கிறது. விற்ற பணத்தில் வீடு கட்டப் போகிறேன் என்கிறார் அந்த அம்மா. அப்படியானால் இன்னும் செலவாகாத பணத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட வேண்டும். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே போட வேண்டும், எப்படியும் கெடு தேதியைத் தாண்டக் கூடாது. எல்லாக் கிளையிலும் அந்தக் கணக்கைத் திறப்பதில்லை. 13 இரண்டாவது சனிக்கிழமை, 14 ஞாயிறு. ஆக, வங்கி வேலை நாட்கள் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து. அதற்குப் பிறகு 15ஆம் தேதி ஒரே நாள். கிளை மேனேஜர் லீவில் போனால் அதுவும் கையில் இல்லை. உங்கள் கட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நாமக்கல் பக்கத்துத் தோழர்களுக்கு லாரிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 44ஏஇ பிரிவு எளிது என்று நினைத்துத்தான் தவறுகிறோம். கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று கணக்கு. 28 டன் வண்டி என்றால் மாதம் 28,000. வண்டி ஷெட்டில் நின்றாலும் கணக்கில் வரும், மாதத்தில் ஒரு நாள் கையில் இருந்தாலும் முழு மாதம். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. வருடத்தில் எந்த நேரத்திலும் பத்து வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து வண்டிக்காரர் புது வண்டி எடுத்து, மூன்று வாரம் கழித்துப் பழையதை விற்றால் அந்த மூன்று வாரம் பதினொன்று. அந்தப் பிரிவே அவருக்கு இல்லை. "எத்தனை வண்டி அண்ணே?" என்று கேட்டால் "பத்துதான்" என்பார், மார்ச் 31 அன்று பத்துதான், பொய் சொல்லவில்லை. ஆர்.சி. மாற்றிய தேதிகளைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவருக்கு ஐடிஆர்-1 போட்டு அனுப்பாதீர்கள். வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான விவரம் வேண்டும், நிதியாண்டு அல்ல. பங்கு கொடுத்த கம்பெனியின் ஸ்டேட்மென்டை இன்றே கேளுங்கள்.

இனி மிகவும் கசப்பான விஷயம். கடைசி வாரத்தில் நம்மிடம் ஓடிவருகிறவர்களில் சிலர் வேறோரிடத்தில் பொய்க் கழிவு போட்டு ரீஃபண்ட் வாங்கிப் பழகியவர்கள். "போன வருஷம் ஒருத்தர் 70,000 வாங்கிக் கொடுத்தார், நீங்கள் ஏன் சார் முடியாதுங்கறீங்க?" கடந்த ஜூலை 14 அன்று நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதித்தது இப்படிப்பட்ட இடைத்தரகர்களைத்தான். அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. அரசியல் கட்சி நன்கொடை, வீட்டு வாடகைப் படி, மருத்துவச் செலவு, கல்விக் கடன் எல்லாவற்றிலும் போலி. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கைகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகத் துறை சொன்னது. இந்த வருடப் படிவம் பாலிசி எண், கடன் கணக்கு எண் வரை கேட்கிறது. தவறான தகவலுக்கு வரியின் மேல் 200 சதவீதம் அபராதம். தெரிந்தே துணை போகிறவருக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கும் 278ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அது நம்மைப் பற்றியது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மிடம் வருகிறவர் தன் பாஸ்வேர்டையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ரிட்டர்னில் என்ன எழுதினோம் என்று பாதிப்பேர் படிப்பதுகூட இல்லை. நோட்டீஸ் வரும்போது கதவைத் தட்டுவது அவர் வீட்டில். ஆகவே முடியாது என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய வருடங்களில் தவறு நடந்திருந்தால் புதுப்பித்த ரிட்டர்ன் போட இப்போது நாலு வருடம் வரை வழி இருக்கிறது. கூடுதல் வரி வருடத்துக்கு வருடம் 25, 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். சீக்கிரம் வந்தால் குறைவு. அதையும் சொல்லி அனுப்புங்கள். இன்று கோபித்துக்கொண்டு போகிறவர் பிறகு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தாள் முழுதாக வரவில்லை, தேதி வந்துவிட்டது என்றால் கையில் இருக்கும் உண்மையான கணக்கைத் தேதிக்குள் போட்டுவிட்டு, விட்டுப்போனதை டிசம்பர் 31க்குள் திருத்தலாம். இது சரியான வழி. பொய் என்று தெரிந்த எண்ணை இப்போது போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு, அதைச் செய்யாதீர்கள். போட்டதோடு வேலை முடிவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்: முப்பது நாளுக்குள் சரிபார்ப்பு நடக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் குவைத்தில் இருக்கும் மகனுடையது என்று கடைசி இரவில் தெரிந்துகொள்வதைவிட இன்றே கேட்டுவிடுவது நல்லது.

தனியாக இதைத் தூக்க முடியாது, தோழர்களே. எனக்கு லாரிக் கணக்குத் தெரியும், ஆப்ஷன் கணக்கு இன்றும் தடுமாறும். திருப்பூரில் ஒருவருக்கு அது கைவந்த கலை. நிலக் கணக்கில் என்னைவிட இளையவர் ஒருவர் ஈரோட்டில் இருக்கிறார், வாரம் ஒருமுறையாவது அவரிடம் கேட்கிறேன். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. கட்சிக்காரரின் பெயரையும் பான் எண்ணையும் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேளுங்கள். போனை எடுங்கள், எடுக்கிறவர் பதில் சொல்லுங்கள். ஒன்பது நாளைக்கு நம் அலுவலகங்கள் எல்லாம் ஒரே அலுவலகம் என்று நினைத்துக்கொள்வோம். நம்மிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் சம்பளக் கணக்குகளைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் செய்வார்கள், நீங்கள் ஒருமுறை பார்த்து அனுப்பினால் போதும். அவர்களை இரவு பத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்பிள்ளையை வீடு சேர்ப்பதும் நம் பொறுப்பு.

இப்போது மணி ஆறரை. கட்டைப் பிரித்துத் தரையில் பரப்புங்கள். நஷ்டம் இருக்கும் ஃபைல், பழைய முறையில் நிற்கும் ஃபைல், நிலம் விற்ற ஃபைல் என்று மூன்று அடுக்கு. அவை முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அவர்கள் பெயரை வெள்ளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வங்கி திறக்கும்போது அந்த அம்மாவோடு நான் கவுன்ட்டரில் நிற்பேன். மத்தியானத்துக்குள் அலுவலகம் திரும்பிவிடுவேன், லாரிக் கணக்கு எதுவானாலும் அப்போது கூப்பிடுங்கள்.