“இன்று வேண்டாம்” என்பவரே சிறந்த விமானி!

விமானி என்றதும் பலருடைய மனத்தில் ஒரு படம் எழும். புயலுக்கும் மழைக்கும் அஞ்சாதவர். ஆபத்தைக் கண்டால் சிரிப்பவர். சினிமாவில் வரும் விமானி அப்படித்தான் இருப்பார்.

உண்மையில், அப்படிப்பட்டவர் ஓட்டும் விமானத்தில் யாரும் ஏறக்கூடாது!

சிறிய விமானத்தைத் தாமே ஓட்டிச் செல்பவருக்கு வேண்டிய முதல் குணம் துணிச்சல் அல்ல. வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்று வேண்டாம்” என்று சொல்லும் மன உறுதிதான். அந்த உறுதிதான் உயிரைக் காக்கிறது. பறப்பதில் உள்ள இன்பத்தைக் காப்பதும் அதுதான்.

எல்லாம் அவரே

அமெரிக்காவில் பலர் மோட்டார் கார் ஓட்டுவதுபோலச் சிறு விமானம் ஓட்டுகிறார்கள். அவர்களில் டாக்டர்கள் உண்டு; வியாபாரிகள் உண்டு; விவசாயிகளும் உண்டு. சம்பளத்துக்காக அவர்கள் பறக்கவில்லை. ஆசைக்காகப் பறக்கிறார்கள்.

இதற்கு லைசென்சு வேண்டும். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரமாவது பறந்து பழகியிருக்க வேண்டும். பரீட்சையிலும் தேற வேண்டும்.

பெரிய பயணிகள் விமானத்தில் இரண்டு விமானிகள் இருப்பார்கள். பாதையை வகுத்துக் கொடுக்கத் தனி ஆட்கள் உண்டு. ஒருவர் கண்ணில் படாத தவறு இன்னொருவர் கண்ணில் படும்.

சிறு விமானத்தில் அப்படி அல்ல. ஓட்டுகிறவரும் அவரே. பெட்ரோலை அளந்து பார்ப்பவரும் அவரே. “போகலாமா, வேண்டாமா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர் ஒருவரே.

காது சொல்லும் பொய்

மேகத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும்? வெளியே வானமும் தெரியாது, தரையும் தெரியாது. அப்போது உடல் பொய் சொல்லத் தொடங்கும்.

மனிதனுடைய காதுக்குள் நீர் நிறைந்த சிறு குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அந்த நீர் அசையும். “திரும்புகிறோம்” என்று மூளைக்குச் செய்தி போகும். ஆனால் ஒரே சீராகச் சிறிது நேரம் திரும்பிக் கொண்டே இருந்தால், அந்த நீரும் கூடவே சுழலத் தொடங்கிவிடும். பிறகு செய்தி போகாது. திரும்பிக் கொண்டே இருப்பவருக்கு, நேராகப் போவது போலவே தோன்றும்!

விமானம் மெல்ல ஒரு பக்கம் சாயும். விமானிக்குத் தெரியாது. மூக்குத் தாழும்; வேகம் கூடும். அவர் பதறிப் போய் மூக்கை மேலே இழுப்பார். சாய்ந்திருக்கும் விமானத்தை அப்படி இழுத்தால் அது மேலே ஏறாது. இன்னும் நெருக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும்.

கருவிகளைப் பார்த்து ஓட்டத் தனிப் பயிற்சி பெற்றவர், காதை நம்பாமல் கருவியை நம்பித் தப்பிவிடுவார். அந்தப் பயிற்சி இல்லாதவர் பாடுதான் திண்டாட்டம்.

178 வினாடி

1954-ம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்சு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அந்தப் பயிற்சி இல்லாத 20 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, விமானத்தை ஓட்டச் சொன்னார்கள்.

இருபது பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. விமானம் கைமீறிப் போக ஆன நேரம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது!

பிறகு அவர்களுக்கு ஒரு வித்தையைக் கற்றுக் கொடுத்தார்கள். அது என்ன வித்தை? மேகத்தைத் துளைத்துக் கொண்டு முன்னேறும் வித்தை அல்ல. பதறாமல், கருவியைப் பார்த்து, மெல்ல வளைந்து, வந்த வழியே திரும்பும் வித்தை!

கென்னடியின் மகன்

இந்தப் பாடத்தை உலகமே ஒரு முறை கண்ணீருடன் படித்தது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன் பெயரும் ஜான் கென்னடிதான். 1999-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி இரவு 8.38 மணிக்கு, நியூ ஜெர்சியில் இருந்து அவர் தன் சிறு விமானத்தில் கிளம்பினார். அவருடைய மனைவியும் மனைவியின் அக்காளும் உடன் சென்றார்கள். மறுநாள் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம்.

வழியில் கடல். இருட்டு. மங்கலான மூட்டம் வேறு. கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான தகுதிச் சான்றிதழை அவர் பெற்றிருக்கவில்லை. விமானம் கடலில் விழுந்தது. மூவரும் பலியானார்கள். அவருக்கு வயது 38.

விமானத்தில் கோளாறு இருந்ததாகத் தெரியவில்லை. இரவில் கடல்மேல் இறங்கும்போது புலன்கள் தடுமாறியதால், விமானத்தைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

எமனாகும் அவசரம்

“எப்படியும் இன்று போய்ச் சேர வேண்டும்” என்ற எண்ணம் விமானிகளைப் பிடித்து ஆட்டும் ஒரு வியாதி. அவர்களே அதற்கு வேடிக்கையாக ஒரு நோயின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர்தான் வேடிக்கை. விளைவு வேடிக்கை அல்ல.

இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. “எல்லாரும் வந்தாகிவிட்டது, நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா?” என்று கேட்பது எளிது. அந்த ஒரு கேள்வி, மேகத்தைக் கண்டு தயங்கி நிற்கும் மனிதரை மேலே தள்ளிவிடக் கூடும். “நாளைக்கு வந்தால் போதும்” என்று சொல்லும் மனைவி, விமானத்தில் ஏறாமலே பாதி விமானி ஆகிவிடுகிறார்.

காகிதத்தின் பெருமை

வானிலை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. தன் நினைவை நம்புவதும் ஆபத்துதான்.

1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்கப் படைக்காகப் போயிங் கம்பெனி செய்த புதிய விமானத்தைச் சோதித்தார்கள். ஓட்டியவர் கைதேர்ந்தவர். ஆனால், தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பக்கம் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். மேலே எழும்பிய விமானம் விழுந்து எரிந்தது. இருவர் மாண்டார்கள்.

அதன் பிறகுதான், செய்ய வேண்டியவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் உறுதியாக வேரூன்றியது. அந்த விமானத்தின் வழியில் வந்த விமானங்கள் பிறகு 12 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. ஒரு துண்டுக் காகிதம் அவற்றை அடக்கி ஆண்டது!

இன்றும் நல்ல விமானி, ஆயிரம் முறை பறந்திருந்தாலும் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் கிளம்ப மாட்டார். பெட்ரோல் தொட்டியின் அடியில் இருந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கிவிடும் அல்லவா? பிறகு தன்னையும் சோதித்துக் கொள்வார். காய்ச்சல் உண்டா? தூக்கம் போதுமா? மனத்தில் கோபமோ கவலையோ இருக்கிறதா? மது அருந்தி எட்டு மணி நேரம் ஆகாதவர் விமானத்தைத் தொடக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம்.

அப்படியானால் இன்பம் எங்கே?

“இவ்வளவு பயந்து பயந்து பறப்பதில் என்ன சுகம்?” என்று சிலர் கேட்பார்கள்.

சுகம் இருக்கிறது! அமெரிக்க விமானிகள் விடுமுறை நாளில் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் பறந்து போய், ஒரு பன்ரொட்டியும் கறியும் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்கு, “நூறு டாலர் பன்ரொட்டி” என்று பெயர். பண்டத்தின் விலை சொற்பம். பெட்ரோலுக்கும் விமானத்துக்கும் ஆகும் செலவுதான் அந்த நூறு டாலர்! கீழே வயல்களையும் ஆறுகளையும் பார்த்துக் கொண்டு போகும் அந்த இன்பம், பயம் இல்லாத மனத்துக்கே கிட்டும். எல்லாவற்றையும் சரிபார்த்தவருக்குத்தான் பயம் இல்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஜே. ஆர். டி. டாட்டா 1929-ம் ஆண்டில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்சைப் பெற்றவர். 1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி கராச்சியில் இருந்து பம்பாய்க்கு (இப்போது மும்பை) ஒற்றை எந்திர விமானத்தில் தபால் கொண்டு வந்தார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1982-ம் ஆண்டில், அதே வழியில் மறுபடியும் ஒரு பழைய சிறு விமானத்தை ஓட்டி வந்தார். அப்போது அவருக்கு வயது 78!

துணிச்சலை மட்டும் நம்புகிறவர் ஒரு நாள் பேர் வாங்கலாம். ஐம்பது ஆண்டு பறக்க வேண்டுமானால் நிதானம் வேண்டும். பதறாத காரியம் சிதறாது. வானம் எங்கும் ஓடிவிடாது. நாளைக்கும் அது இருக்கும். அதில் பறக்க, விமானியும் இருக்க வேண்டும்!