குழுவில் கேளுங்கள், லாபத்தை அல்ல, அனுமதியை

மணலியை ஒட்டிய சடையங்குப்பத்துக்குள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்தது. அப்படியொரு வெள்ளத்தில் நனைந்த செல்போனை என்ன செய்வது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், அரிசிக்குள் புதைத்து வையுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. ஆனாலும் இந்தத் தவறான யோசனையால் போவது ஒரு போன்தான். ஓரிரு நாளில் உண்மை தெரிந்துவிடும். பண யோசனை அப்படியல்ல. அது பொய் என்று தெரிய மாதக்கணக்காகும். அதுவரை உண்மை போலவே நடந்து காட்டும். இரண்டு வகைக் கேள்விக்கும் ஒரே நம்பிக்கையோடு பதில் தேடுவதுதான் ஆபத்து.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனத்தின் விவகாரத்தைப் பாருங்கள். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தார்கள் என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. வங்கி ஓராண்டு முழுவதற்கும் தருவதே ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அந்த வாக்குறுதியை எப்படி நம்பினார்கள் என்று கேட்பது எளிது. ஆனால் இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வரத்தான் செய்யும். பின்னால் வருபவர்களின் முதலை எடுத்தே முன்னவர்களுக்கு வட்டி கொடுப்பார்கள். 'எனக்கு வந்தது' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது பொய்யல்ல. அந்த உண்மையான சாட்சியம்தான் அடுத்தவரை இழுக்கிறது. எத்தனை பேர் அப்படிச் சொன்னாலும் அது நிறுவனத்தின் நாணயத்துக்கு ஆதாரமாகாது.

வங்கிக்குப் போனால் வரிசை, படிவம், அலட்சியமான பதில்; மீனவரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யாரிடம் போய்க் கேட்பார்கள் என்ற வாதம் நியாயமானது. கூச்சமில்லாமல், தமிழில், இரவிலும் கேட்க அவர்களுக்கு இருப்பது குழுதான். அதை விடச் சொல்லவில்லை. கேள்வியை மாற்றச் சொல்கிறேன். 'லாபம் வருமா?' என்பதற்குக் குழுவில் எவருக்கும் விடை தெரியாது. 'டெபாசிட் வாங்க இவர்களுக்கு அனுமதி உண்டா?' என்பதற்கு விடை உண்டு. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னால் ஊருக்கே பயன்படும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. இதை ரேஷன் கடைச் சுவரில் தமிழில் எழுதிவைக்கப் பெரிய செலவாகாது. அதைக்கூடச் செய்யாமல் ஏழைகளின் பேராசையைப் பழிப்பது அநியாயம். இணைய மோசடியில் பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், குழுவில் விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.